காதில் விழுந்ததை வீணாக்காத ரிலே

கம்பியில் போகும் தகவல் அந்தக் கம்பியின் மறுமுனைக்கு மட்டும்தான் போகும். காற்றில் அனுப்பும் தகவல் அப்படி இல்லை. ஒரு போன் டவருக்கு ஒரு பேக்கெட்டை அனுப்பும்போது, சுற்றியிருக்கும் எல்லா ஆன்டெனாக்களிலும் அதே சிக்னல் போய் விழுகிறது. வெகுகாலம் இதைத் தொல்லையாகவே பார்த்தார்கள். தனக்காக அனுப்பப்படாத சிக்னல் என்றால் அது இடையூறு, வடிகட்டித் தள்ள வேண்டியது. ரிலே, அதாவது நடுவில் நின்று சிக்னலை வாங்கிக் கடத்தும் கருவி, உள்ள வலையமைப்புகளைப் பற்றிய ஆராய்ச்சி இந்தப் பார்வையைப் புரட்டிப் போட்டது. நடுவில் இருக்கும் ஒரு கருவியின் காதில் தற்செயலாக விழுந்த சிக்னல், சரியான குறிமுறை (செய்தியைப் பிட்டுகளாக மாற்றி அனுப்பும் விதி) இருந்தால், சேருமிடத்துக்குப் பெரிய உதவியாகிவிடும்.

உதவி என்றதும் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது என்றுதான் முதலில் தோன்றும். அது உதவியின் மிக எளிய வடிவம், பல நேரங்களில் மிக மோசமான வடிவமும் கூட. சேருமிடத்துக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் என்ன தெரியாது என்பதைப் பொறுத்து ரிலே எதைச் சொல்ல வேண்டும் என்பது மாறுகிறது. கூட்டுக் குறிமுறை என்ற துறை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

முதலில் ரிலே எதற்கு என்று பார்த்துவிடலாம். தூரம் ஒரு காரணம். கட்டடங்கள் நிறைந்த இடத்தில் சிக்னலின் வலிமை ஏறக்குறைய தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையலாம். தூரத்தைப் பாதியாக்கினால் கிடைக்கும் சிக்னல் 16 மடங்கு. நடுவில் ஒருவர் நின்று வாங்கிக் கொடுத்தால் எவ்வளவு லாபம் என்பது இதிலேயே தெரிகிறது.

இரண்டாவது காரணம் இதைவிடச் சுவையானது. அனுப்பிய அலை சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் வந்து சேர்கிறது. அவை ஒன்றையொன்று கூட்டிக்கொள்ளும் இடமும் உண்டு, அழித்துக்கொள்ளும் இடமும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். அதில் பாதி தூரம், அதாவது நாலு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்தாலே நல்ல இடம் மோசமான இடமாகிவிடலாம். இதைத்தான் ஃபேடிங் என்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சராசரி சிக்னல், தேவையான அளவைப் போல் 100 மடங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதை ரேலே ஃபேடிங் வகையைச் சேர்ந்தது, அதாவது தெறித்து வரும் அலைகள் மட்டுமே கலந்து வந்து சேர்கின்றன என்றால், இவ்வளவு தாராளமாக இருந்தும் 100-ல் ஒரு முறை சிக்னல் தேவைக்குக் கீழே விழுந்துவிடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பாதைகள் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் விழும் வாய்ப்பு 10,000-ல் ஒன்று. ஒரே பாதையை வைத்துக்கொண்டு அந்த நம்பகத்தன்மையை எட்ட, அனுப்பும் திறனை 100 மடங்கு கூட்ட வேண்டும். இரண்டாவது பாதையின் மதிப்பு அவ்வளவு. இதற்கு டைவர்சிட்டி என்று பெயர். ஒரே கருவியில் இரண்டு மூன்று ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் இது கிடைக்கும். சின்னக் கருவியில் அதற்கு இடமில்லை. சரி, பக்கத்துக் கருவியின் ஆன்டெனாவைக் கடன் வாங்கினால் என்ன? செண்டோனாரிஸ், எர்கிப், ஆஸாங் ஆகியோர் 1990-களின் பிற்பகுதியில் முன்வைத்த பயனர் ஒத்துழைப்பு என்ற கருத்து இதுதான். நிக்கோலஸ் லேன்மன், டேவிட் சே, கிரெகரி வோர்னெல் மூவரும் 2004-ல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவான நெறிமுறைகளாக வகுத்துக் கொடுத்தது.

இந்தக் கடனுக்கு வட்டி உண்டு. சாதாரண ரேடியோ ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. தான் அனுப்பும் சிக்னல், தூரத்திலிருந்து வரும் சிக்னலைவிடக் கோடிக்கணக்கான மடங்கு வலிமையானது. அந்தக் கத்தலில் தன் காதே அடைத்துவிடும். ஆகவே ரிலே ஒரு நேரத்துண்டில் கேட்டு, அடுத்த துண்டில்தான் பேச முடியும். ஒரே செய்திக்கு இரண்டு துண்டு நேரம் என்றால் வேகம் பாதியாகிறது. இனி வரப்போகும் பல உத்திகள் இந்தப் பாதியை எப்படித் திரும்பப் பெறுவது என்ற கவலையில் பிறந்தவை.

ரிலே செய்யக்கூடிய மிக எளிய வேலை, வந்த சிக்னலைப் பெருக்கி அனுப்புவது. பிட்டுகளைப் படித்துப் பார்ப்பதே இல்லை. செலவு குறைவு, ஆனால் சிக்னலோடு சேர்ந்து வந்த இரைச்சலும் பெருகிப் போகிறது. இரண்டாவது வழி, செய்தியை முழுதாகப் பிரித்துப் படித்து, இரைச்சலைத் துடைத்துவிட்டுப் புதிதாக அனுப்புவது. கேட்கும்போது இரண்டாவதுதான் உயர்ந்தது என்று படும். லேன்மன் குழுவின் கணக்கு வேறு மாதிரி சொன்னது. எப்போதும் பிரித்துப் படித்தே அனுப்புவேன் என்று ரிலே பிடிவாதமாக இருந்தால் டைவர்சிட்டி லாபமே கிடைக்காது. வெறுமனே பெருக்கி அனுப்பும் ரிலேவுக்கு அந்த லாபம் முழுதாகக் கிடைக்கிறது.

காரணம் எளிது. அனுப்புநருக்கும் ரிலேவுக்கும் நடுவில் உள்ள பாதையும் அவ்வப்போது விழும். விழுந்த நேரத்தில் ரிலே தப்பாகப் படித்துவிட்டு, அந்தத் தப்பைச் சுத்தமான, வலிமையான சிக்னலாக அனுப்பிவைக்கிறது. சேருமிடம் அதை நம்பிவிடுகிறது. பெருக்கி அனுப்பும் ரிலே அரைகுறையாகக் கேட்டதை அரைகுறையாகவே சொல்கிறது. எவ்வளவு நம்பலாம் என்பதும் அந்தச் சிக்னலிலேயே கூடவே போய்ச் சேருகிறது. தன் சந்தேகத்தை மறைக்காமல் சொல்லும் சாட்சி போல. இதற்கு மருந்து சின்னதுதான்: செய்தியோடு சில பிழைகாண் பிட்டுகளைச் சேர்த்து அனுப்புவது. ரிலே படித்த பிறகு அவை பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தினால் மட்டும் பேச வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாடு வந்ததும் டைவர்சிட்டி லாபம் முழுதாகத் திரும்பிவிடுகிறது. இன்னும் ஒரு படி மேலே போய், சேருமிடம் ‘கிடைத்தது, கிடைக்கவில்லை’ என்று ஒரே ஒரு பிட் பதில் சொன்னால், கிடைக்காதபோது மட்டும் ரிலே பேசினால் போதும். பாதி வேகம் போய்விடும் என்ற கவலையும் பெருமளவு தீர்ந்துவிடும்.

இனி குறிமுறைக்கு வருவோம். இந்தத் துறையின் வேர் 1971-ல் எட்வர்ட் வான் டெர் மெயுலன் ஆராய்ந்த, அனுப்புநர், ரிலே, சேருமிடம் என்ற மூன்று முனைகள் கொண்ட தகவல் பாதையில் இருக்கிறது. 1979-ல் தாமஸ் கவரும் அப்பாஸ் எல் கமாலும் எழுதிய கட்டுரையில் இன்றும் பயன்படும் இரண்டு பெரிய யோசனைகள் உள்ளன. அதில் ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மொத்தம் 1024 செய்திகள் சாத்தியம் என்று கொள்வோம், அதாவது 10 பிட். அனுப்புநர் ஒன்றை அனுப்புகிறார். ரிலேவுக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. சேருமிடத்துக்கு மங்கலாகத்தான் கேட்டது. ஆனால் மங்கலாகக் கேட்பதும் ஒன்றும் கேட்காததும் ஒன்றல்ல. இந்த எட்டில் ஏதோ ஒன்றுதான் என்கிற அளவுக்கு அதற்குச் சந்தேகம் சுருங்கியிருக்கிறது. இப்போது ரிலே 10 பிட்டையும் திரும்பச் சொல்ல வேண்டுமா? எட்டில் ஒன்றைக் காட்ட 3 பிட் போதுமே. சிக்கல் என்னவென்றால், எந்த எட்டு என்று ரிலேவுக்குத் தெரியாது.

கவரும் எல் கமாலும் கையாண்ட வழி, செய்திகளை முன்கூட்டியே கூடைகளில் போட்டுவைப்பது. 1024 செய்திகளையும் 64 கூடைகளில் குலுக்கிப் போட்டு, எது எந்தக் கூடையில் என்ற பட்டியலை எல்லோரும் வைத்துக்கொள்கிறார்கள். ரிலே கூடை எண்ணை மட்டும் சொல்கிறது, 6 பிட்டில் வேலை முடிந்தது. சேருமிடம் தன் எட்டுப் பேர் பட்டியலில் அந்தக் கூடையைச் சேர்ந்தவர் யார் என்று பார்க்கிறது. தவறான ஏழு செய்திகளில் ஒன்று அதே கூடையில் போய் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் 64-ல் ஒன்று. ஆக, ஏறக்குறைய பத்தில் ஒன்பது முறை ஒரே செய்திதான் மிஞ்சும். பத்தில் ஒரு முறை தோல்வி என்பது அதிகம்தான். ஆனால் செய்தியின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தோல்வி வாய்ப்பு பூஜ்யத்தை நெருங்குகிறது, ஒவ்வொரு 10 பிட்டுக்கும் ரிலே சொல்ல வேண்டியது 3 பிட்டை நெருங்குகிறது. எதிராளிக்கு என்ன தெரியும் என்று தெரியாமலேயே, அவருக்குத் தெரியாததை மட்டும் சொல்ல முடிகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

இரண்டாவது யோசனை, ரிலேவுக்கே செய்தி புரியாத சூழலுக்கு. அப்போது அது தான் கேட்ட அலையின் தோராய வடிவத்தைச் சுருக்கி அனுப்புகிறது. சேருமிடம் தான் கேட்டதையும் ரிலே கேட்டதையும் சேர்த்துவைத்துப் புரிந்துகொள்கிறது. ரிலே அனுப்புநருக்குப் பக்கத்தில் இருந்தால் பிரித்துப் படிப்பது நல்லது, சேருமிடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சுருக்கி அனுப்புவது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல். 2011-ல் அவெஸ்திமெர், திக்கவி, சே மூவரும் இதையொட்டிய ஒரு உத்தியைப் பல ரிலேக்கள் கொண்ட வலையமைப்புக்கு விரித்து, எந்த உத்தியாலும் தாண்ட முடியாத ஒரு வேக வரம்பிலிருந்து அது விலகும் அளவு சிக்னலின் வலிமையைச் சார்ந்ததே அல்ல என்று காட்டினார்கள். உண்மையில் எட்டக்கூடிய உச்ச வேகம் சரியாக எவ்வளவு என்பது பொதுவான வடிவில் இன்னும் தெரியாது, வெறும் மூன்று முனைகளுக்குக் கூட.

கூடை எண் கணிதத்துக்கு அழகு. நடைமுறையில் அதே வேலையைச் செய்வது சமநிலை பிட்டுகள், அதாவது செய்தியின் பல பிட்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு எடுக்கும் கூடுதல் பிட்டுகள். டாட் ஹன்டரும் அரியா நொஸ்ரதினியாவும் முன்வைத்த குறிமுறைக் கூட்டுறவு இப்படி நடக்கும். இரண்டு பயனர்கள், ஒரே சேருமிடம். ஒவ்வொருவரும் தன் செய்தியைப் பிழைதிருத்தக் குறிமுறையில் போட்டு நீளமாக்கி, அதை இரண்டு பாகமாக வெட்டிக்கொள்கிறார்கள். முதல் பாகம் மட்டுமே கூடச் செய்தியை மீட்கப் போதும், கொஞ்சம் பலவீனமாக. முதல் சுற்றில் இருவரும் தத்தம் முதல் பாகத்தை அனுப்புகிறார்கள், ஒருவர் மற்றவருடையதைக் கேட்டுக்கொள்கிறார். கேட்டது சரியாகப் புரிந்ததென்றால், இரண்டாம் சுற்றில் தன்னுடைய இரண்டாம் பாகத்தை விட்டுவிட்டுக் கூட்டாளியின் இரண்டாம் பாகத்தைத் தானே கணக்கிட்டு அனுப்புகிறார். புரியவில்லையா, தன்னுடையதையே அனுப்பிவிட்டுப் போகிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, கூடுதலாக ஒரு பிட் நேரம் கூடச் செலவாகவில்லை. எப்படியும் அனுப்பப்போகிற பிட்டுகள்தான், வேறொரு ஆன்டெனாவிலிருந்து போகின்றன. ஒரு பாகம் என் பாதையில், மறுபாகம் உன் பாதையில். ஒரு பாதை விழுந்தாலும் செய்தி மீள்கிறது. அதோடு, வருவது நகலும் அல்ல. ஒரே பிட்டை இரண்டு முறை கேட்டால் அதைப் பற்றிய நிச்சயம் மட்டும்தான் கூடுகிறது. ஒரு புதிய சமநிலை பிட்டோ பல பிட்டுகளைப் பற்றி ஒரே நேரத்தில் சாட்சி சொல்கிறது. டர்போ குறிமுறை என்ற பிழைதிருத்தக் குறிமுறை 1993-ல் வந்த பிறகு இதே வேலையை இன்னும் கூர்மையாகச் செய்ய முடிந்தது. அனுப்புநர் ஒரு குறியாக்கத்தை அனுப்ப, ரிலே செய்தியைக் குலுக்கி வரிசை மாற்றி இரண்டாவது குறியாக்கத்தை அனுப்பும். சேருமிடம் இரண்டையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டுச் சந்தேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும்.

ஒரு இடத்தில் மட்டும் சங்கடம் உண்டு. நான் உன்னைப் புரிந்துகொண்டேன், நீ என்னைப் புரிந்துகொள்ளவில்லை என்றால், இரண்டாம் சுற்றில் இருவருமே உன்னுடைய பாகத்தை அனுப்புவோம். என்னுடைய இரண்டாம் பாகத்தை அனுப்ப ஆளில்லை. இது நடந்துவிட்டது என்பதையும் சேருமிடம் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு அடையாளப் பிட் மூலமாகவோ எல்லாச் சாத்தியங்களையும் முயன்று பார்த்தோ.

இதுவரை ஒரு திசையில் மட்டும் போகும் தகவலைப் பார்த்தோம். இரண்டு பேர் ஒரு ரிலே வழியாகப் பேசிக்கொள்ளும்போது வேறொரு கதவு திறக்கிறது. முதலாமவர் 1011 என்று அனுப்ப வேண்டும், இரண்டாமவர் 0110 என்று. சாதாரண முறையில் நான்கு நேரத்துண்டு தேவை: இரண்டு ரிலேவுக்கு வர, இரண்டு ரிலேவிலிருந்து போக. ரிலே இரண்டையும் எக்ஸார் செய்தால், அதாவது பிட்டுகள் ஒத்தால் 0, வேறானால் 1 என்று எழுதினால், கிடைப்பது 1101. அதை ஒரே முறை ஒலிபரப்பினால் போதும். முதலாமவர் தன்னுடைய 1011-ஐ அதோடு எக்ஸார் செய்தால் 0110 வந்துவிடும். இரண்டாமவருக்கும் அப்படியே. நான்கு துண்டு மூன்றாகிறது.

நடுமுனைகள் தகவலைக் கலக்கலாம், கலந்தால் லாபம் உண்டு என்ற கோட்பாட்டை ஆல்ஸ்வீட, கய், லீ, யூங் ஆகிய நால்வரும் 2000-ல் நிறுவினார்கள். 2006-ல் எம்ஐடி ஆய்வாளர்களை மையமாகக் கொண்ட ஒரு குழு, கோப் என்ற பெயரில் 20 முனைகள் கொண்ட உண்மையான வயர்லெஸ் வலையமைப்பில் இதை ஓட்டிக் காட்டியது. லாபம் சில விழுக்காட்டிலிருந்து சில மடங்கு வரை, போக்குவரத்தின் தன்மையைப் பொறுத்து மாறியது. கலப்பதற்கு எதிர்த்திசைப் பேக்கெட் கையில் இருக்க வேண்டும், இல்லாதபோது லாபமும் இல்லை.

மூன்றை இரண்டாக்க முடியுமா? முடியும் என்று அதே 2006-ல் ஜாங், லியூ, லாம் மூவரும் காட்டினார்கள். இருவரையும் ஒரே நேரத்தில் பேசவிட்டுவிட வேண்டியதுதான். பிட் 0-க்கு +1, பிட் 1-க்கு −1 என்ற அலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிலேவின் ஆன்டெனாவில் இரண்டும் கூடி +2, 0, −2 என்று ஏதாவது ஒன்று வரும். +2 அல்லது −2 வந்தால் இருவரும் ஒரே பிட்டைச் சொன்னார்கள், எக்ஸார் 0. பூஜ்யம் வந்தால் இருவரும் வேறு வேறு பிட்டைச் சொன்னார்கள், எக்ஸார் 1. யார் எதைச் சொன்னார் என்று அப்போது ரிலேவுக்குத் தெரியவே தெரியாது. அனுப்ப வேண்டிய எக்ஸார் மட்டும் சரியாகத் தெரிந்துவிட்டது! மோதல் என்று தூக்கி எறிந்துகொண்டிருந்த ஒன்றை, கூட்டல் கணக்கைக் காற்றே செய்து கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். நேசரும் காஸ்ட்பரும் 2011-ல் இந்த எண்ணத்தைப் பொதுமைப்படுத்தினார்கள். ரிலே தனித்தனிச் செய்திகளைத் தேடாமல், அவற்றை முழு எண்களால் பெருக்கிக் கூட்டிய ஒரு சேர்க்கையைப் பிரித்தெடுத்து அனுப்புகிறது. போதுமான அளவு வேறு வேறு சேர்க்கைகள் வந்து சேர்ந்ததும் சேருமிடம் சமன்பாடுகளைத் தீர்த்துச் செய்திகளை எடுத்துக்கொள்கிறது.

தாளில் இது சுலபம். உண்மையில் இருவரின் அலைகளும் ஒரே நேரத்தில், ஒரே கட்டத்தில் (மேடும் பள்ளமும் ஒத்துப்போகும்படி), ஒரே அதிர்வெண்ணில் வந்து விழ வேண்டும். கருவிகளின் கடிகாரங்கள் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. கட்டம் கொஞ்சம் பிசகினாலும் +2, 0, −2 என்ற சுத்தமான மூன்று நிலைகள் கலங்கிவிடும். இந்த ஒத்திசைவுச் சிக்கல்தான் இந்த உத்தி பரவலாகாததற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ரிலேக்கள் வரிசையாக நிற்கும்போது கலத்தலின் பலன் வேறு விதமாகத் தெரியும். மூன்று தாவல்கள் (ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குப் போவது ஒரு தாவல்), ஒவ்வொன்றிலும் 20 விழுக்காடு பேக்கெட் தொலைகிறது என்று வையுங்கள். ரிலேக்கள் வந்ததை மட்டும் கடத்தினால் முடிவில் சேருவது 0.8 × 0.8 × 0.8, அதாவது 51 விழுக்காடு. அனுப்புநர் எவ்வளவு நல்ல குறிமுறை போட்டாலும் இந்த எண் மாறாது. ஒவ்வொரு ரிலேவும் தன்னிடம் வந்து சேர்ந்த பேக்கெட்டுகளைத் தற்செயல் எண்களால் பெருக்கிக் கூட்டிப் புதுப்புதுச் சேர்க்கைகளை உருவாக்கி அனுப்பினால், நீண்ட ஓட்டத்தில் வேகம் 80 விழுக்காட்டை நெருங்கும். ஏனென்றால் முதல் தாவலில் தொலைந்ததால் காலியான இடத்தை ரிலே ஒரு புதிய சேர்க்கையால் நிரப்பிவிடுகிறது. எந்தப் பேக்கெட் தொலைந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. 32 பேக்கெட்டுகளைக் கலந்தால், சார்பற்ற 32 சேர்க்கைகள் எவை வந்தாலும் சரி. பெருக்கும் எண் ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் அடங்கும்படி, 256 எண்களுக்குள்ளேயே முடியும் கணக்கைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு பேக்கெட்டின் தலைப்பிலும் 32 பைட் கூடும், 1500 பைட் பேக்கெட்டில் அது சுமார் 2 விழுக்காடு.

இவ்வளவும் இருந்தும், ஓடிக்கொண்டிருக்கும் மொபைல் வலையமைப்புகளில் ரிலே இன்னும் அடக்கமாகவே இருக்கிறது. மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் 10-ஆம் வெளியீட்டில் எல்டிஇ (4ஜி) ரிலேவையும், 16-ஆம் வெளியீட்டில் 5ஜி-க்கான ஒருங்கிணைந்த அணுகல்-பின்புலத்தையும் (டவர்களுக்கு இடையிலான இணைப்பையும் ரேடியோ வழியாகவே கொடுக்கும் ரிலே முறை) சேர்த்தது. இரண்டிலும் ரிலே செய்தியை முழுதாகப் பிரித்துப் படித்து அடுத்த தாவலுக்குத் தள்ளுகிறது. பேக்கெட் தவறினால் புதிய சமநிலை பிட்டுகளை அனுப்பும் பழக்கம் அங்கேயும் உண்டு, ஆனால் ஒவ்வொரு தாவலும் தனித்தனிக் கதை. நேர்ப்பாதையில் மங்கலாகக் கேட்டதையும் ரிலே சொன்னதையும் சேர்த்துப் பார்க்கும் வேலை நடப்பதில்லை. இதற்காக வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மங்கலாகக் கேட்டதைச் சேமித்துவைக்க நினைவகம் வேண்டும், யார் யாருக்குக் கூட்டாளி என்று நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டும், அந்தத் தகவலைப் பரிமாறவே நேரம் செலவாகும். அப்புறம், கூட்டாளிக்காகப் பேசும் போனின் பேட்டரி யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. கலக்கும் முறைகளில் இன்னொரு ஆபத்து: ஒரு முனை வேண்டுமென்றே ஒரு பொய்ப் பேக்கெட்டைச் சேர்த்துவிட்டால், அது கலந்த எல்லாச் சேர்க்கைகளும் கெட்டுப்போகும்.

இந்த உத்திகள் நன்றாகப் பொருந்தும் இடங்கள் வேறு. கேட்டு வாங்க நேரமில்லாத இடங்கள். கடலுக்கடியில் உணரிகள் ரேடியோவுக்குப் பதில் ஒலியால் பேசுகின்றன. நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர். 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரிலேவிடம் ‘தொலைந்துவிட்டது, மறுபடி அனுப்பு’ என்று சொல்லி, அது போய்ச் சேர்ந்து, பதில் வந்து சேர 4 விநாடி ஆகிவிடும். கலந்து அனுப்பும் ரிலே அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பதில்லை. கையில் இருப்பதிலிருந்து அடுத்த சேர்க்கையை அதற்குள் அனுப்பிவிட்டிருக்கும்.